பெனால்டி கேட்ட நேரம்

எங்கள் ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் குழுவில் சேர ஒரே தகுதி, நாற்பது வயது தாண்டியிருக்க வேண்டும் என்பதுதான். ஓடத் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. கொல்கத்தா ஜாதவ்பூரில் ஒரு பாராவின், அதாவது பேட்டையின், கிளப் மைதானத்தில் ஆட்டம். காலை ஏழு மணிக்கு என்று வாட்ஸப்பில் செய்தி வரும். ஏழே முக்காலுக்குத்தான் ஆள் சேரும். அந்த முக்கால் மணி நேரத்தில் கை காலை நீட்டி மடக்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ளலாம். நாங்கள் வாயைச் சூடாக்கிக்கொண்டோம். யார் வீட்டில் டிபனுக்கு லுச்சி, யார் வீட்டில் கச்சோரி, எந்த கோச்சுக்கு மூளை இல்லை என்று பேசி முடிப்பதற்குள் பாதிப் பேருக்கு வியர்த்துவிடும்.

கேப்டனுக்கு ஐம்பத்தாறு வயது. பெனால்டி பாக்ஸுக்குள் முதலில் அவருடைய தொப்பை நுழையும், பிறகு பந்து, கடைசியாக அவர். இடைவேளையில் இரண்டு சிகரெட் பிடிப்பார். நுரையீரல் திறந்துகொள்ளுமாம். எங்களில் யாராவது மைதானத்தில் விழுவதாக இருந்தால் அது அவர்தான் என்று எல்லோரும் மனதுக்குள் முடிவு செய்திருந்தோம். அவர் முன்னாலேயே சொல்லிச் சிரித்தும் இருக்கிறோம்.

நான் பாலிகஞ்சில் பிறந்து வளர்ந்த தமிழன். இரண்டு ஸ்டேஷன் தள்ளி ஜாதவ்பூருக்கு ரயிலில் போவேன். வேலை ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில். பாலிசி கேட்டு வருகிறவர்களின் விண்ணப்பங்களைப் படித்து, ஆள் எத்தனை வருஷம் தாங்குவார் என்று கணிக்கிற பிரிவு. அப்பா எந்த வயதில் போனார், எதனால் போனார் என்ற பத்தியை முதலில் பார்ப்பேன். ஐம்பதுக்குக் கீழே என்றால் பென்சிலால் ஒரு வட்டம். இருபத்தைந்து வருஷமாக முன்பின் தெரியாதவர்களின் அப்பாக்களுக்கு வட்டம் போட்டுச் சம்பளம் வாங்குகிறேன்.

என் பள்ளித் தோழன் ஒருவனும் அந்தக் குழுவில் இருந்தான். பெஹாலாவில் வீடு, பேங்க்கில் மேனேஜர். நாற்பத்தெட்டு வயது, ஒல்லி, சிகரெட் கிடையாது, சந்தேஷ் இனிப்பைக்கூடப் பாதி கிள்ளிவிட்டு மீதியைத் திருப்பி வைக்கிறவன். மணிக்கட்டில் ஒரு வாட்ச். எத்தனை அடி நடந்தான், எத்தனை மணி நேரம் தூங்கினான் என்றெல்லாம் அது சொல்லும். அதை அவன் எங்களுக்குச் சொல்லுவான். குழுவிலேயே முழு ஆட்டமும் ஓடுகிறவன் அவன் ஒருவன்தான். அவனுடைய அப்பா நாற்பத்து நான்கு வயதில் போய்விட்டார். காலையில் பஸ்ஸைப் பிடிக்க ஓடியவர் படிக்கட்டிலேயே சரிந்தார். அப்போது நாங்கள் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தோம். கிளாஸோடு போய் அவர்கள் வீட்டு வாசலில் நின்றது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அந்த அப்பாவுக்கு மட்டும் நான் வட்டம் போடவில்லை.

ஒரு ஞாயிறு ஆட்டம் முடிந்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவன் டீயைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

"ஓடும்போது ஒரு நொடி கண் இருட்டிடுச்சுடா. நெஞ்சை யாரோ உள்ளேருந்து பிடிச்ச மாதிரி இருந்தது. நின்னதும் சரியாப் போச்சு" என்றான்.

"காலைல என்ன சாப்பிட்ட?"

"ஒரு வாழைப்பழம்."

"வெறும் வயித்துல வாழைப்பழம். கேஸ்தான்."

இந்த ஊரில் எல்லாமே கேஸ்தான், வயிற்று வாயு. தலைவலி கேஸ், முதுகுவலி கேஸ், தேர்வில் மார்க் குறைந்தால் அதற்கு முந்தின நாள் சாப்பிட்ட பிரியாணியின் கேஸ். எனக்கு இந்த வியாதி பரம்பரையாக வந்ததல்ல, இந்த ஊர்த் தண்ணீரில் வந்தது. என் பர்ஸில் பணத்தைவிட அதிகமாக கேஸ் மாத்திரைதான் இருக்கும். ஒன்றைக் கிழித்துக் கொடுத்தேன். அவன் நம்பி வாயில் போட்டுக்கொண்டான்.

என்னிடம் சொல்லாமல் இருந்திருந்தால் அவனாகவே பயந்துபோய் டாக்டரிடம் போயிருப்பான் என்றுதான் நினைக்கிறேன். நெஞ்சு பிடித்ததைச் சொல்ல என்னிடம் வந்தான். நான் மாத்திரை கொடுத்து அனுப்பி வைத்தேன்.

அதற்கு ஒரு மாதம் முன்பு எங்கள் எல்லோருக்கும் ஃபிட்னஸ் சர்டிஃபிகேட் வேறு கிடைத்திருந்தது. நகரத்தின் வேறு ஏதோ மைதானத்தில் எங்கள் வயதுக்காரர் ஒருவர் விளையாடும்போது இறந்துபோனதாகப் பேச்சு அடிபட, கிளப் கமிட்டி கூடி, ஆளுக்கொரு டாக்டர் சான்று கட்டாயம் என்று தீர்மானம் போட்டது. எங்கள் கோல்கீப்பர் டாக்டர், தோல் டாக்டர். கேப்டன் எல்லா ஃபாரத்தையும் அவருடைய காரின் பானட் மேல் பரப்பி வைத்தார். டாக்டர் ஒரு கையால் என் நாடியைப் பிடித்தார், இன்னொரு கையால் கையெழுத்துப் போட்டார், கண் மட்டும் மைதானத்தில் யாரோ அடித்த கார்னர் கிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் இருபத்து மூன்று பேர் முழு ஆரோக்கியம் அடைந்தோம். அதில் வராதவர் இரண்டு பேரும் அடக்கம்.

மாத்திரை கொடுத்ததற்கு அடுத்த ஞாயிறு பக்கத்துப் பாராவோடு ஆட்டம். ரெஃப்ரி ஒரு பெண். இருபத்தாறு, இருபத்தேழு வயதிருக்கும். ஒரு ஸ்கூலில் பி.டி. டீச்சர். எங்களைப் பெரியப்பா, சித்தப்பா என்கிற மாதிரி ஜேட்டு, காகு என்பாள். ஆஃப்சைடு கொடுத்தால் கொடுத்ததுதான், கேப்டனே கெஞ்சினாலும் மாற்ற மாட்டாள். அதனால் அவளுக்கு ஃபுட்பால் தெரியாது என்பது எங்கள் ஒருமித்த கருத்து.

இரண்டாவது பாதி தொடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். என் நண்பன் வலது பக்கமாகப் பந்தோடு ஓடினான். பாக்ஸுக்குள் நுழைந்தான். பக்கத்தில் எதிரணிக்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார். இரண்டு கை தூரம் இருக்கும். நண்பன் கையை ஊன்றாமல், முகத்தைத் திருப்பாமல், அப்படியே முன்னால் விழுந்தான்.

கேப்டன் இரண்டு கையையும் தூக்கினார். "பெனால்டி."

"நான் தொடவே இல்லை. நடிப்பு" என்றார் எதிரணிக்காரர்.

"தொடாமலா விழுந்தான்?"

"இந்த வயசுல டைவ் அடிக்க வெட்கமா இல்லையான்னு அவரையே கேளுங்க."

நானும் கத்தினேன். என்ன கத்தினேன் என்பதை இங்கே எழுதித்தான் ஆக வேண்டும். "ரெட் கார்டு கொடுங்க" என்றேன். நாங்கள் ஐந்தாறு பேர் வட்டமாக நின்று நீதி கேட்டுக்கொண்டிருந்தோம். காலடியில் அவன் இதயம் நின்றுபோய்க் கிடந்தான்.

அவனைப் பார்த்தவள் ரெஃப்ரி ஒருத்திதான். எங்களை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். மண்டியிட்டு அவனைப் புரட்டினாள், தோளைத் தட்டிக் கூப்பிட்டாள். அவன் வாய் திறந்து ஒரு மூச்சை இழுத்தது, குறட்டை மாதிரி.

"மூச்சு இருக்கு. ஒண்ணுமில்லை, தண்ணி தெளிங்க" என்றார் கேப்டன்.

"இது மூச்சு இல்லை, இதயம் நின்னா வர்ற இழுப்பு" என்றாள் அவள். அவன் நெஞ்சின் நடுவில் கையை வைத்து அழுத்த ஆரம்பித்தாள்.

அதற்குள் எங்கள் வைத்தியமும் தொடங்கிவிட்டது. ஒருவர் வலிப்பு என்று முடிவு செய்து ஸ்கூட்டர் சாவியை அவன் உள்ளங்கையில் திணித்தார். ஒருவர் பூட்ஸைக் கழற்றி மூக்கருகே கொண்டுபோனார். குளுக்கோஸ் தண்ணீர் கலக்கப்பட்டது. யாரோ "கேஸ் மேல ஏறியிருக்கும்" என்றார்கள். அந்தக் குரல் என்னுடையதல்ல என்பது அப்போது பெரிய ஆறுதலாக இருந்தது.

"ஜேட்டு, அந்தச் சாவியை எடுங்க" என்றாள் அவள், அழுத்துவதை நிறுத்தாமல். "நீங்க ஆம்புலன்ஸுக்கு ஃபோன் பண்ணுங்க. டாக்டர்காகு, இங்க வாங்க, அடுத்தது நீங்க." பிறகு என்னைப் பார்த்து, "கிளப்ல ஷாக் மெஷின் இருக்கு இல்ல? ஓடுங்க" என்றாள்.

எங்கள் கோலிலிருந்து ஓடி வந்திருந்த தோல் டாக்டர் இந்தப் பக்கத்துக் கோல் போஸ்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நான் இதெல்லாம் பண்ணி இருபது வருஷம் ஆச்சு" என்றார்.

"கை ஞாபகம் வச்சிருக்கும். வாங்க" என்றாள்.

நான் ஓடினேன். அந்த மெஷின் இருப்பது எல்லோருக்கும் தெரியும். தேர்தலில் நிற்க ஆசைப்பட்ட ஒரு பிரமுகர் கிளப்புக்கு நன்கொடையாகக் கொடுத்தது. ரிப்பன் வெட்டினார்கள், மாலை போட்டார்கள், மெஷினுக்குத்தான். வந்தவர்களுக்கு ஆளுக்கொரு இனிப்பு டப்பா. மெஷின் என்ன செய்யும் என்று கேட்டபோது, நின்ற இதயத்தை ஓட்டும் என்றார் செகரட்டரி. அதன் பிறகு அது கிளப் அறையில் கோப்பைகள் வைத்திருக்கும் கண்ணாடி அலமாரிக்குள் போய்ச் சேர்ந்தது. விலை உயர்ந்த சாமான் என்பதால் பூட்டு.

"சாவி?" என்றேன் கிளப் வாட்ச்மேனிடம்.

"செகரட்டரிபாபுகிட்ட."

"அவர் எங்கே?"

"தீகா போயிருக்கார், குடும்பத்தோட."

தீகா கடற்கரையில் இருக்கிறது. போய் வர ஒரு நாள் ஆகும். வாட்ச்மேன் நல்ல மனுஷர். ஃபோன் போட்டுக் கேட்கட்டுமா என்றார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மெஷினில் ஒரு சின்னப் பச்சை விளக்கு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. அலமாரிக்கு மேலே இடமில்லாமல் வைத்திருந்த ஒரு ரன்னர்-அப் கோப்பையை எடுத்தேன். மரப் பீடத்தை முன்னால் பிடித்துக் கண்ணாடியில் அடித்தேன். முதல் அடியில் கீறல்தான் விழுந்தது. இரண்டாவதில் உடைந்தது. கை கிழிந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

திரும்பி வந்தபோது தோல் டாக்டர் மண்டியிட்டு அழுத்திக்கொண்டிருந்தார், ரெஃப்ரி சத்தமாக எண்ணிக்கொண்டிருந்தாள். மெஷினைத் திறந்ததும் அது தானாகப் பேசியது. இங்கிலீஷில், பதற்றமில்லாத ஒரு பெண் குரல். அங்கே இரண்டாவதாகப் பதறாத ஆள் அதுதான். ஜெர்ஸியைக் கிழித்து ஒட்ட வேண்டிய இடத்தில் இரண்டு பட்டைகளையும் ஒட்டினாள் ரெஃப்ரி. எல்லோரும் விலகுங்கள் என்றது மெஷின். நாங்கள் விலகினோம். வாழ்க்கையில் முதல் தடவை ஒரு பேச்சுக்கு உடனே கட்டுப்பட்டோம். அவன் உடம்பு ஒரு தடவை தூக்கிப் போட்டது. மறுபடியும் அழுத்தச் சொன்னது. என் முறை வந்தது. விலா எலும்பு உடைந்துவிடுமோ என்று பயந்து மெதுவாக அழுத்தினேன். "எலும்பு உடைஞ்சா ஒட்டிக்கும், அழுத்துங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவன் கை அசைந்தது, என்னைத் தள்ளிவிடப் பார்த்தது. எழுந்து கொஞ்ச தூரம் போய்ப் புல்லில் வாந்தி எடுத்தேன்.

ஆம்புலன்ஸ் வந்தது. பைபாஸ் ரோடு பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மைதானத்தில் அந்தப் பெனால்டியைப் பற்றி யாரும் அதன்பிறகு பேசவில்லை என்று எழுத ஆசைதான். ஆம்புலன்ஸ் கிளம்பிய பிறகு, ஆட்டம் டிராவா ரத்தா என்று ஒரு சின்ன விவாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன்.

மூன்றாவது நாள் இதய டாக்டர் எங்களை அறைக்குக் கூப்பிட்டார். நண்பனின் மனைவி இருந்தாள், நான் இருந்தேன். டாக்டர் நடுத்தர வயதுப் பெண்மணி, காகிதத்தில் ஒரு இதயத்தை வரைந்து சுவரை மட்டும் தடிமனாக்கினார். பிறவியிலேயே வருகிற கோளாறு, இதயத்தின் தசை தடித்திருக்கிறது, வேகமாக ஓடும்போது அதன் மின்சாரம் தாறுமாறாகிவிட்டது என்றார். ரத்தக்குழாயில் அடைப்பு எதுவும் இல்லை. இனிமேல் இப்படி ஆனால் உள்ளேயே ஷாக் கொடுக்க, தோலுக்கு அடியில் ஒரு சின்னக் கருவி வைப்பதாகச் சொன்னார்.

"குடும்பத்தில் யாராவது சின்ன வயதில் திடீரென்று இறந்திருக்கிறார்களா?"

அவன் மனைவி சொன்னாள். டாக்டர் எழுதிக்கொண்டார்.

"இதற்கு முன்னால் மயக்கம், கண் இருட்டல், நெஞ்சு இறுக்கம், அதுவும் ஓடும்போது?"

"இல்லையே, என்கிட்ட எதுவும் சொல்லலை" என்றாள்.

நான் பேசாமல் இருந்திருக்கலாம். "போன வாரம் என்கிட்ட சொன்னான்" என்றேன்.

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன செய்தீர்கள்?"

"கேஸ் மாத்திரை கொடுத்தேன்."

அவருக்குத் தினமும் பத்துப் பேர் இதையே சொல்லிக் கேட்ட முகம். ஈ.சி.ஜி.யும் எக்கோவும் எடுத்திருந்தால் தெரிந்திருக்கும் என்று மட்டும் சொன்னார். பிறகு குழந்தைகளையும் கூடப் பிறந்தவர்களையும் பரிசோதிக்கச் சொல்லிச் சீட்டு எழுதினார்.

வராந்தாவில் அவன் மனைவி ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் நின்றேன்.

"அண்ணா, உங்க ஆஃபீஸ்ல அவர் அப்ளிகேஷன் வந்திருந்தா என்ன பண்ணியிருப்பீங்க?"

"டெஸ்ட் கேட்டிருப்பேன்."

"எந்த டெஸ்ட்?"

"ஈ.சி.ஜி., எக்கோ."

"ஓ" என்றாள். அதற்கு மேல் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "டீ வாங்கிட்டு வாங்கண்ணா" என்றாள். வாங்கி வந்தேன்.

அவர்கள் மகள் பதினைந்து வயது, ஸ்கூலுக்காக நீச்சல் போட்டிகளுக்குப் போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கும் அதே தடிப்பு, ஆரம்ப நிலையில். போட்டி நீச்சல் வேண்டாம் என்று இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். மருந்தும் வருஷா வருஷம் பரிசோதனையும் உண்டு. இரண்டு மாதம் அவள் அப்பாவோடு பேசவில்லை. அவர் விழாமல் இருந்திருந்தால் அவள் நீந்திக்கொண்டே இருந்திருப்பாள் என்பது அவள் வாதம். உண்மைதான். எவ்வளவு நாள் என்பதைத்தான் அவளிடம் யாராலும் சொல்ல முடியவில்லை.

இதற்கிடையில் கிளப் கமிட்டியிடமிருந்து எனக்கு ஒரு கடிதம் வந்தது. முத்திரையோடு. கிளப்பின் சொத்தான அலமாரியை உரிய அனுமதி பெறாமல் உடைத்ததற்கும், விருதுக் கோப்பையைத் தகாத முறையில் பயன்படுத்தியதற்கும் ஏழு நாளுக்குள் விளக்கம் தர வேண்டும். ஆபீஸில் இருபத்தைந்து வருஷம் இப்படிக் கடிதங்களை எழுதிப் பழகியவன் நான். நடையைப் பாராட்டாமல் இருக்க முடியவில்லை. பதில் எழுதவில்லை, கூட்டத்துக்கு நேரில் போனேன். தீகா வெயிலில் நன்றாகக் கறுத்துத் திரும்பியிருந்த செகரட்டரி, புதுக் கண்ணாடி தடிமனாகப் போட்டிருப்பதாகவும் பூட்டு முன்பைவிட உறுதியானது என்றும் அறிவித்தார். கை தட்டினார்கள்.

ரெஃப்ரி எழுந்தாள். அவள் உறுப்பினரே இல்லை, யார் கூப்பிட்டார்கள் என்று தெரியவில்லை.

"மெஷின் வெளியே, பூட்டில்லாம, மைதானத்து ஓரத்துல இருந்தாத்தான் இனி நான் விசில் ஊதுவேன்" என்றாள்.

"திருடு போயிட்டா?" என்றார் செகரட்டரி.

"போனா இன்னொண்ணு வாங்கலாம். அவரை எங்க வாங்குவீங்க?"

தோல் டாக்டர் எழுந்தார். தான் அன்று கையெழுத்துப் போட்ட இருபத்து மூன்று சான்றுகளும் செல்லாது என்றார், தன்னால் முடிந்தது அரிப்புக்கும் படைக்கும் மருந்து எழுதுவதுதான் என்றார். அந்தக் கூட்டத்தில் அதைவிட நேர்மையாக யாரும் பேசவில்லை.

வேறு ரெஃப்ரி கிடைக்காததால் அவள் சொன்னது நிறைவேறியது. நியாயத்துக்காக நாங்கள் எதையும் மாற்றியதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மெஷின் இப்போது தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் இருக்கிறது. முதல் கால் மணி நேரம் மெதுவாக ஓட்டம். காய்ச்சல் இருந்தால் வீட்டில் இருக்க வேண்டும். ஃபாரத்தில் கேள்விகள் உண்டு, பதிலில் சந்தேகம் வந்தால் உண்மையான டாக்டரிடம் போக வேண்டும். ஒரு ஞாயிறு ரப்பர் பொம்மையை வைத்து நெஞ்சை அழுத்தப் பயிற்சி கொடுத்தாள். இரண்டு நிமிஷம் அழுத்தியதும் எங்களில் பாதிப் பேர் பொம்மைக்குப் பக்கத்திலேயே படுத்துவிட்டார்கள். நான்கு பேர் இந்தக் கெடுபிடி தாங்காமல் எதையும் கேட்காத வேறு மைதானத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே சந்தோஷமாக இருக்கிறார்களாம்.

என் நண்பன் விளையாடுவதில்லை. நடக்கிறான். அந்த வாட்சைக் கழற்றி மேஜை டிராயரில் போட்டுவிட்டான். அதைப் பற்றிக் கேட்டால் எரிச்சல் வருகிறது. என்னிடம் கோபமில்லை என்கிறான், நான் நம்புவதில்லை.

கேப்டன்தான் கடைசி வரை மல்லுக்கட்டினார். தன் உடம்பைப் பற்றித் தனக்குத் தெரியும் என்றார். பரிசோதனை எடுக்காதவர் பெஞ்சில் என்றாள் ரெஃப்ரி. மூன்று ஞாயிறு பெஞ்சில் உட்கார்ந்து அவளுடைய ஒவ்வொரு முடிவையும் சத்தமாக விமர்சித்தார். நான்காவது வாரம் அவளை வாயடைக்க வைக்கவென்றே ட்ரெட்மில் டெஸ்டுக்குப் போனார். பாதியில் நிறுத்தி அங்கேயே படுக்க வைத்துவிட்டார்கள். இரண்டு அடைப்பு. ஸ்டென்ட் வைத்த மறுநாள் பார்க்கப் போனேன். கட்டிலில் சாய்ந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை தன் இடத்தில் யார் ஆடுவது என்று என்னிடம் கேட்டார்.

ரெஃப்ரிக்கு அவர் இதுவரை நன்றி சொன்னதில்லை. நல்லா ஓடிக்கொண்டிருந்தவனைப் பிடித்து நோயாளி ஆக்கிவிட்டாள் என்று போகிற இடமெல்லாம் சொல்கிறார். அவருடைய மனைவி, நாங்கள் எல்லோரும் போதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிறவர், பனிக்காலம் வந்ததும் புது வெல்லத்தில் சந்தேஷ் செய்து, டப்பாவைக் கணவர் கண்ணில் படாமல் துணிப்பையில் மறைத்து எடுத்துக்கொண்டு, பஸ் ஏறி அந்தப் பெண்ணின் ஸ்கூலுக்கே போய்க் கொடுத்துவிட்டு வருகிறார்.